கணக்கில் வராத சிறைகள்

1949 செப்டம்பர் 15. அரசியல் நிர்ணய சபையில் ஒரு விதி விவாதத்துக்கு வருகிறது. விசாரணை இல்லாமல் ஓர் ஆளைப் பிடித்து அடைத்து வைக்க அரசுக்கு வழிவிடும் விதி. இன்று அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவாக இருப்பது அதுதான். சபையில் அதைக் கொண்டுவந்து வைத்தவர் டாக்டர் அம்பேத்கர். ஐக்கிய மாகாணத்துக் காங்கிரஸ்காரர் மகாவீர் தியாகி எழுந்தார். வரைவுக் குழுவில் இருக்கிறவர்கள் உறுப்பினர்களாவதற்கு முன்னால் கொஞ்ச காலம் சிறைக்குள் இருந்து பார்த்திருக்க வேண்டும், அம்பேத்கருக்கும் அந்த அனுபவம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற பொருளில் பேசினார். இனிமேல் அந்த அனுபவத்தைப் பெற முயல்கிறேன் என்றார் அம்பேத்கர். தியாகி விடவில்லை. வெள்ளைக்காரன் உங்களுக்குத் தராத அந்தப் பாக்கியத்தை, நீங்கள் உங்கள் கையால் எழுதுகிற இந்தச் சட்டமே உங்கள் ஆயுளுக்குள் தந்துவிடும் என்றார்.

தியாகி என்பது அவருடைய சாதிப் பட்டம். நம் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அன்றைக்கு இரண்டும் அவருக்குப் பொருந்தித்தான் இருந்தன.

அவர் அந்த விதியை எதிர்த்தார். எதிர்க்க வேண்டிய விதிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்த இடத்தில் நின்று எதிர்த்தார் என்பதுதான் என் கேள்வி. 'நாட்டுக்காக உள்ளே போனவன் நான், நீ போகாதவன்' என்கிற இடம் அது. பேசுகிற உரிமையே அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. நாட்டின் பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்த நம் அவைகளில் எல்லாம் செல்லுபடியான நாணயம் இதுதான். சட்டத்தை ஆதரிக்கிறவரும் அதைத்தான் நீட்டினார், எதிர்க்கிறவரும் அதைத்தான் நீட்டினார். அந்த நாணயத்தில் சேரிக்குப் பங்கு இல்லை. சேரி ஆள் உள்ளே போனால் அது தேசத்துக்காகப் போனதாக ஆவதில்லை. களவு, கைகலப்பு, கள்ளச்சாராயம், பொது அமைதிக்குப் பங்கம் என்று ஏதாவது ஒன்றாகத்தான் ஆகிறது.

திண்டுக்கல் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது ஆகஸ்ட் 15க்கு மணிக்கூண்டுப் பக்கம் போனால் கதர்ச் சட்டையும் பதக்கமுமாகத் தியாகிகள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். மைக்கைப் பிடிக்கிற ஒவ்வொருவரும் அலிப்பூர், வேலூர், திருச்சி என்று அவர்கள் இருந்த சிறைகளைத்தான் முதலில் சொல்வார்கள். 1972 ஆகஸ்ட் 15லிருந்து நடுவண் அரசு தியாகி பென்ஷன் கொடுத்தது. அதற்கு விதி, குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம் போதும் என்று சலுகை. நல்ல மனசோடு வைத்த சலுகைதான். ஆனாலும் சாதிக்கு ஏற்ற மாதிரி மாதக் கணக்கு போட்ட அந்த விதியைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வரும். எங்கள் சேரியில் மூன்று மாதத்துக்குக் குறையாமல் உள்ளே இருந்து வந்த கிழவர்கள் நிறையப் பேர் உண்டு. பென்ஷன் கேட்டு மனுப் போட்டவர் ஒருத்தர்கூட இல்லை. பண்ணையார் தோப்பில் தேங்காய் எடுத்ததற்கும், அடித்தவனைத் திருப்பி அடித்ததற்கும் போனவர்கள் எந்தப் படிவத்தில் எழுதுவார்கள்?

எங்கள் ஜில்லாவில் இன்னொரு சிறையும் இருந்தது. ரேகைச் சட்டம் என்று சனங்கள் சொல்கிற குற்றப்பரம்பரைச் சட்டம். 1871ல் வடக்கே வந்து, 1911ல் சென்னை மாகாணத்துக்கு நீட்டப்பட்டு, 1947ல்தான் இங்கே எடுக்கப்பட்டது. குறவர்களையும் பிரமலைக் கள்ளர்களையும் ராத்திரியானால் போலீஸ் கண்ணெதிரில் படுக்க வைத்த சட்டம் அது. ஊரை விட்டு வெளியே காலடி வைக்கச் சீட்டு வேண்டும். பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி கைரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சாவைப் பிற்பாடு 'சுதந்திரப் போர்' கணக்கில் எழுதிக்கொள்ள அந்தச் சாதிக்கு ஓட்டும் ஆளும் இருந்தன. குறவனுக்கு எழுத ஆள் இல்லை. அவர்கள் மேல் போலீஸ்காரர்களின் கை இன்றும் அதே பழக்கத்தோடுதான் விழுகிறது.

அம்பேத்கருக்கு இந்த நாணயத்தின் கதை அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே தெரியும். 1939 அக்டோபரில் பம்பாய் சட்டசபையில் யுத்தம் பற்றி விவாதம். இந்தியாவைக் கேட்காமலேயே வெள்ளைக்காரன் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டான் என்று காங்கிரஸ் மந்திரிசபை தீர்மானம் கொண்டுவந்தது. பாதுகாப்பு, விசுவாசம், நாடு என்ற சொற்கள்தான் அன்று சபை முழுக்க. அந்தச் சபையில் எழுந்து அம்பேத்கர் தன் விசுவாசத்தை வரிசைப்படுத்திச் சொன்னார். என் சொந்த நலனா நாட்டின் நலனா என்று வந்தால் எப்போதும் நாட்டைத்தான் முன்னால் வைத்திருக்கிறேன், ஆனால் நாட்டின் நலனா தீண்டப்படாதோர் நலனா என்று வந்தால் தீண்டப்படாதோர்தான் எனக்கு முதல் என்றார். மாகாணப் பிரதமராக இருந்த பி.ஜி. கேரின் வாதம், பகுதி ஒருநாளும் முழுமையை விடப் பெரிதாக முடியாது என்பது. முழுமைக்குள் அடங்கிய பகுதி அல்ல நான், தனித்து நிற்கிற பகுதி என்று அம்பேத்கர் பதில் சொன்னார்.

சட்டசபை ஒன்றில் தேசபக்தியை இப்படி நேருக்கு நேர் பார்த்துப் பேசிய பேச்சு வேறொன்றை நான் படித்ததில்லை. நாட்டை அவர் மறுக்கவில்லை. நாடு என்று சொல்லும்போது யாரை உள்ளே வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். 'தேசத் துரோகி' என்ற பட்டம் அவருக்கு இந்தக் கேள்விக்காகத்தான் திரும்பத் திரும்பக் கிடைத்தது.

ஆனால் 1949ல்? அதே மனிதர் தடுப்புக்காவல் விதியைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார். ஒருவன் பொது ஒழுங்கைக் குலைக்கலாம், ராணுவத்துக்குள் கை வைக்கலாம், அப்படிப்பட்ட நேரத்தில் தனி மனித சுதந்திரத்தை அரசின் நலனுக்கு மேலே வைக்க முடியாது என்றும் பேசினார். நம்மில் சிலர் இதை ஒளித்து வைக்கப் பார்க்கிறார்கள். ஒளிக்க வேண்டியதில்லை. 'சட்டப்படியான நடைமுறை' இருந்தால் போதும், யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் எடுக்கலாம் என்று சபை முன்னரே முடிவு செய்துவிட்டது. அதனால் திறந்துபோன கதவில் ஒரு தாழ்ப்பாளாவது போடலாமே என்றுதான் இந்தப் புதிய விதியைக் கொண்டுவந்தார். பிடித்தவனிடம் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், தடுப்புக்காவல் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் வைக்க ஆலோசனைக் குழு சம்மதிக்க வேண்டும். இழந்ததற்கு ஈடு என்று அவரே சொன்னார். என் அபிப்பிராயம், ஈடு போதவில்லை. தடுப்புக்காவலுக்கு அரசியல் சட்டத்திலேயே, அதுவும் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே, ஓர் அறை கட்டிக் கொடுத்தாயிற்று. அந்த அறையில் யார் யாரை அடைப்பார்கள் என்பது அன்று சபையில் இருந்த யாருக்கும் தெரியாத விஷயமல்ல.

முதலில் அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள். குடியரசு பிறந்து ஒரு மாதம் ஆன உடனே, 1950 பிப்ரவரி இறுதியில், சர்தார் பட்டேல் தடுப்புக்காவல் சட்டத்தைக் கொண்டுவந்தார். இதைக் கொண்டுவரும் முன் பல இரவுகள் தூங்கவில்லை என்றார். தூங்காத இரவு என்பதும் தியாகத்தின் கணக்கில் சேர்கிற ஒன்றுதான். ஒரு வருடத்துக்கு மட்டும் என்று வந்த சட்டம் புதுப்பித்துப் புதுப்பித்து 1969 டிசம்பர் 31 வரை இருந்தது. சென்னை மாகாணச் சிறையில் இருந்த ஏ.கே. கோபாலன் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் அவருக்கு எதிராகத் தீர்ப்பு. காந்தியோடு சேர்ந்து வெள்ளைக்காரன் சிறையைப் பார்த்தவர்தான் அவரும். அந்த வருடமே பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கைதிகளைச் சுட்டு 22 பேரைக் கொன்றிருந்தார்கள். திண்டுக்கல்லில் அப்போது தோல் ஷாப்புகளிலும் சுருட்டுக் கம்பெனிகளிலும் செங்கொடிச் சங்கம் வேர்விட்டிருந்தது. பேகம்பூர் முஸ்லிம்களும் சேரி ஆட்களும் ஒரே சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று தோல் அலசினார்கள். அந்தத் தொட்டிக்குள் நின்றவர்கள் கூலி உயர்வு கேட்டபோது அது நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாகத் தெரிந்தது. 1952ல் முதலமைச்சரான ராஜாஜி, கம்யூனிஸ்டுகளுக்கு நான்தான் முதல் எதிரி என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தார். நாட்டை அவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் வந்திருப்பதாகச் சொன்னார்.

1962ல் சீனப் போர். அக்டோபர் 26ல் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். போர் ஒரு மாதத்தில் முடிந்தது, நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை முடியவில்லை. அதற்கு நடுவில் 1963ல் வந்ததுதான் 16ஆவது திருத்தம். சி.பி. ராமசாமி அய்யர் தலைமையிலான குழு கேட்டுக்கொண்டபடி 'இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும்' என்ற சொற்களைப் பேச்சுரிமைக்கு வரம்பாகச் சேர்த்தார்கள். தேர்தலில் நிற்கிறவர் எவரும் அதைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தால்தான் வேட்பாளர். திராவிட நாடு கேட்ட தி.மு.க.வைக் குறிவைத்த திருத்தம் என்பது ஊரறிந்த விஷயம். அண்ணா மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசினார். இறையாண்மை என்றால் என்ன, அது இருப்பது மக்களிடமா வேறு எங்குமா என்கிற அடிப்படையில் அவர் வாதம் போனது. தி.மு.க. அந்த வருடமே பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

அப்போது மக்களவையில் திண்டுக்கல்லின் உறுப்பினர் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். காந்திகிராமத்தை உருவாக்கியவர், நேரு மந்திரிசபையில் கல்வித் துணை அமைச்சர். சின்னாளப்பட்டி, ஆத்தூர் சேரிகளுக்குள் காலடி வைத்து நடந்த மனுஷி, அதை மறுக்க முடியாது. அவர் உட்கார்ந்திருந்த ஆளும் வரிசைக்கு நாட்டின் ஒருமைப்பாடு என்பது தெற்கே ஒரு கட்சி பிரிந்து போகாமல் இருப்பது. ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதை ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து என்று அந்தத் திருத்தம் சொல்லவில்லை. இதைக் குத்தலுக்காகச் சொல்லவில்லை, உறுதிமொழியின் வாசகத்தையே எடுத்துப் பாருங்கள். ஏ.எஸ். பொன்னம்மாள் பலமுறை வென்ற நிலக்கோட்டை தனித்தொகுதி. அங்கே நிற்கிற தலித் வேட்பாளர் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாகத் தனியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவைக் காப்பதாகத் தனியே சொல்லும்படி அவரிடமும் கேட்பதில்லை, பக்கத்துத் தொகுதி ஆதிக்கச் சாதி வேட்பாளரிடமும் கேட்பதில்லை.

என் பெரியப்பா ஒருவர் அந்தச் சீனப் போர் சமயத்தில் பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்த பிறகு மாதாமாதம் பென்ஷன் மணியார்டர் வரும். போஸ்ட்மேன் சேரிக்குள் வரமாட்டார். புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு 'மிலிட்டரி' என்று கூப்பிடுவார். இறையாண்மையைக் காத்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார்.

1967 டிசம்பரில் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், இப்போது எல்லார் வாயிலும் கிடக்கிற உபா, அந்தத் திருத்தத்தின் வயிற்றில் பிறந்தது. 1971ல் வங்கதேச யுத்தம் நெருங்கிய நேரத்தில் மிசா. அன்னிய ஒற்றர்களைப் பிடிக்கத்தான் மிசா என்று நினைத்தவர்கள் 1975ல் யார் யாரைப் பிடித்தார்கள் என்று பார்த்தார்கள். 1976 தொடக்கத்தில் இங்கே தி.மு.க.வினர் உள்ளே போனார்கள். சிறையில் பட்ட அடியால் சிட்டிபாபு செத்தார். அந்த நேரத்தில் திண்டுக்கல்லின் எம்.பி. மாயத்தேவர், 1973 இடைத்தேர்தலில் இரட்டை இலைக்கு முதல் வெற்றி தேடித் தந்தவர். அவருடைய கட்சி நெருக்கடி நிலையை ஆதரித்த கட்சி. 1985ல் தடா. இரண்டு வருடத்துக்கு என்று வந்து 1995 மே வரை இருந்தது. எழுபத்தாறாயிரம் பேருக்கு மேல் பிடித்தார்கள். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும் என்று வைத்த சட்டம் அது. ராஜீவ் கொலை வழக்கில் 1998ல் 26 பேருக்கும் தூக்கு என்றது தடா நீதிமன்றம். மறு வருடம் உச்ச நீதிமன்றம் இது தடாக் குற்றமே இல்லை என்று சொல்லி 19 பேரை விடுவித்தது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலத்தை மட்டும் மீதிப் பேருக்கு எதிராக வைத்துக்கொண்டது.

பொடா பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் அது நம் வாசலுக்கு வந்து போனது.

2001 அக்டோபரில் அவசரச் சட்டம். டிசம்பர் 13ல் நாடாளுமன்றத்தின் மேலேயே தாக்குதல் நடந்தது. அதற்குப் பிறகு யாராவது அந்தச் சட்டத்தின் ஷரத்து ஒன்றைக் காட்டிக் கேள்வி கேட்டால், பதில் ஷரத்தைப் பற்றி வராது. நீ யார் பக்கம் என்றுதான் வரும். 2002 மார்ச் 18ல் மக்களவை நிறைவேற்றியது. 21ஆம் தேதி மாநிலங்களவை 98க்கு 113 என்று தோற்கடித்தது. விடவில்லை. மார்ச் 26ல் இரண்டு அவைகளையும் ஒன்றாக உட்கார வைத்து 425க்கு 296 என்று நிறைவேற்றினார்கள். குடியரசின் வரலாற்றில் அப்படிக் கூட்டுக் கூட்டம் போட்டது அது மூன்றாவது முறை. முதல் முறை 1961ல், வரதட்சிணைத் தடுப்புச் சட்டத்துக்கு. வரதட்சிணைக்கும் பயங்கரவாதத்துக்கும் நடுவில் ஒரு வங்கிப் பணியாளர் மசோதா. தீண்டாமைக்காகவோ வன்கொடுமைக்காகவோ ஒருநாளும் இரண்டு அவையும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

மிசாவில் சிட்டிபாபுவைப் பறிகொடுத்த தி.மு.க. அன்று ஆளும் கூட்டணியில் இருந்து பொடாவுக்கு வாக்களித்தது. ம.தி.மு.க.வும் அப்படியே. வைகோ மக்களவையில் அந்தச் சட்டத்தை ஆதரித்துப் பேசினார். பேசி நான்கு மாதம் ஆகவில்லை. ஜூன் 29ல் திருமங்கலத்தில் ஒரு பொதுக்கூட்டம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போய், அதைத் தாண்டினால் வருகிற ஊர். அங்கே விடுதலைப் புலிகளைப் பற்றிப் பேசியதற்காக ஜூலை 11ல் ஜெயலலிதா அரசு அவரைப் பொடாவில் பிடித்தது. பத்தொன்பது மாதம் வேலூரில் இருந்தார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கெட்ட எண்ணம் இல்லாமல் வெறும் வாய்ப் பேச்சாக ஆதரிப்பது பொடாக் குற்றமாகாது என்று விளக்கம் சொன்ன பிறகு, 2004 பிப்ரவரியில் ஜாமீனில் வெளியே வந்தார்.

இந்தக் கதையைச் சொல்லி 'தான் வெட்டிய குழி' என்று சிரித்தவர்கள் நிறைய. எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. அவர் வெளியே வந்த விதத்தில்தான் எனக்கு அக்கறை. சிறையிலிருந்து நாடாளுமன்றத்துக்குக் கூட்டிப்போனார்கள், வாசலில் காமிரா, தலைவர்கள் வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள், வெளியே வந்தபோது மேளம். சிறை அவருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது. 2002 நவம்பரில் ஊத்தங்கரைப் பக்கம் நக்சலைட் என்று சொல்லிப் பிடித்து அதே பொடாவில் 26 பேரை அடைத்தார்கள். பெண்கள் இருந்தார்கள், வயது வராத பையன் இருந்தான். அவர்கள் பெயரை எந்த மேடையில் கேட்டீர்கள்? 2004ல் பொடாவை நீக்கினார்கள். நீக்கிய கையோடு அதன் பல்லை எடுத்து உபாவில் பொருத்தினார்கள். 2008ல் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு சிதம்பரம் உள்துறைக்கு வந்து அந்தப் பல்லை இன்னும் கூர்மையாக்கினார். 2019ல் அமைப்பு வேண்டாம், தனி ஆளையே பயங்கரவாதி என்று அறிவிக்கலாம் என்றார்கள். மக்களவையில் ஆதரவு 287, எதிர்ப்பு 8.

இவையெல்லாம் டெல்லியில் பேசிச் செய்த சட்டங்கள். சேரிக்குள் அன்றாடம் வருவது இவற்றின் தம்பி. 1982ஆம் வருடத்து 14ஆம் சட்டம், நம் சனங்கள் 'குண்டாஸ்' என்கிறார்களே, அது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப் பொருள் விற்பவர், குண்டர் என்று நீளும் அதன் பெயரிலேயே குடிசைப் பகுதி நிலத்தைப் பறிப்பவர் என்றும் ஒரு இனம் உண்டு. குடிசைப் பகுதியைக் காப்பாற்றத்தான் சட்டம் போலிருக்கிறது! ஒரு வருடம் உள்ளே வைக்கலாம். ஆலோசனைக் குழு முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. 1990களில் தென்மாவட்டங்களில் தலித் இளைஞர்கள் திருப்பி நின்றபோது இந்தச் சட்டமும் 1980ஆம் வருடத்துத் தேசியப் பாதுகாப்புச் சட்டமும் அவர்கள் மேல் ஏவப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1999ல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது. பேருந்துக்குப் பெயர் வைப்பது, மயானத்துக்குப் பாதை, தேரோட்டம் எல்லாம் 'தேசியப் பாதுகாப்பு' ஆனது அப்போதுதான்.

அந்த அறிக்கையில் எங்கள் மாவட்டமும் வருகிறது. கொடைக்கானல் மலையில் குண்டுப்பட்டி. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக எழுதினார்கள். அண்டை நாட்டு நல்லுறவு என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் நான்கு தலைமுறை உழைத்த சனங்களைத் தலைக்கணக்கில் பிரித்துக் கப்பலேற்றி அனுப்பினார்கள். பெரும்பாலும் தலித்துகள். அப்படி வந்து கொத்தடிமைகளாக அந்த மலையில் இறக்கப்பட்டவர்கள்தான் குண்டுப்பட்டிக்காரர்கள். தண்ணீரில்லை, மின்சாரமில்லை என்று 1998 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். பிப்ரவரி 26ல் போலீஸ் ஊருக்குள் இறங்கியது. பெண்களை அடித்தார்கள். தானியத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். சிறைக்கும் கொண்டுபோனார்கள். எந்த நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடவில்லை என்று அடித்தார்களோ, அந்த நாடாளுமன்றம்தான் அவர்களை ஒப்பந்தமாக வாங்கியது. 2019 டிசம்பரில் அதே நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அண்டை நாடுகளில் துன்பப்பட்டு வந்தவர்களுக்குக் குடியுரிமை என்று உருக்கமாகப் பேசினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மாநிலங்களவையில் 125க்கு 105. அந்த 125ல் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர்.

கீழே, சமவெளியில், எனக்குத் தம்பி முறை ஆகிற ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 1999. பிணத்தை ஊர்த் தெரு வழியாகத் தூக்கிப்போனதில் சண்டை. இரண்டு பக்கமும் அடி. ஊர்க்காரர்கள் மேல் சாதாரண வழக்கு, மறுவாரம் ஜாமீன். இவர்மேல் குண்டாஸ். கையில் கொடுத்த கட்டு இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். இவருடைய நடமாட்டத்தால் பொதுமக்கள் பீதியடைந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது 2004 ஜூலையில்தான். அதனால் ஆட்கொணர்வு மனுவுக்கு அவர் அம்மா ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போய்வந்துகொண்டிருந்தார், சீட்டுப் பணம் எடுத்து. எட்டு மாதம் கழித்து உத்தரவு ரத்தானது. காரணம், கட்டில் ஒரு பக்கத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வைக்க மறந்துவிட்டார்கள். அவர் குற்றவாளியா இல்லையா என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. போன வருடம் அவரிடம் இந்தக் கட்டுரைக்காகப் பேசியபோது சொன்னார்:

"நாங்க என்னா தேசத்தையா புடிச்சு வச்சிருந்தோம்? பொணத்தத் தூக்கிட்டுப் போக ஒரு பாத கேட்டோம். அதுக்கு நாட்டுக்கே ஆபத்துன்னா, அப்ப நாடுங்கறது அந்தத் தெருதானா?"

பி.ஜி. கேருக்கு அம்பேத்கர் சொன்ன பதிலை இவர் படித்ததில்லை. பத்தாவது தாண்டவில்லை.

மகாவீர் தியாகி சொன்னது அம்பேத்கரின் ஆயுளில் நடக்கவில்லை. 2020 ஏப்ரல் 14ல், அவருடைய பிறந்த நாளிலேயே, அவருடைய பேத்தியின் கணவர் ஆனந்த் டெல்டும்டே தேசியப் புலனாய்வு முகமையிடம் சரணடைந்தார். உபா. 2017 டிசம்பர் 31ல் புனேயில் நடந்த எல்கர் பரிஷத் கூட்டமும் மறுநாள் பீமா கோரேகானில் நடந்த வன்முறையும் தொடர்பான வழக்கு. பேஷ்வா படையை எதிர்த்து 1818ல் நின்ற மகர் சிப்பாய்களை நினைக்கக் கூடுகிற இடம் அது. நாட்டுக்காக நின்றவர்களா, வெள்ளைக்காரனுக்காக நின்றவர்களா என்ற பழைய விசாரணை இன்றும் அந்தத் தூணைச் சுற்றித்தான் நடக்கிறது. அவர் 2022 நவம்பர் 26 வரை, அரசியல் சட்ட நாள் வரை, உள்ளே இருந்தார். 2016லிருந்து 2020 வரை உபா வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 24,134 பேர், தண்டனை பெற்றவர்கள் 212 பேர் என்று அரசே நாடாளுமன்றத்தில் பதில் சொல்லியிருக்கிறது. மீதிப் பேரில் டெல்டும்டேவைத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

நானும் இரண்டு தோழர்களும் வேடசந்தூர், நிலக்கோட்டை, ஆத்தூர் பக்கத்துச் சேரிகளில் தடுப்புக்காவலில் போய்வந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வருகிறோம். இதுவரை ஏழு ஊர். எந்த வருடம், எந்தச் சண்டை, எத்தனை மாதம், வீட்டில் யார் அலைந்தது, எதை விற்றார்கள் என்று கேட்கிறோம். உத்தரவுத் தாள் இருக்கிறதா என்றும் கேட்கிறோம். பாதி வீடுகளில் இல்லை. கூரை ஒழுகி நனைந்து போயிற்று என்கிறார்கள், அடுப்பெரிக்கப் போயிற்று என்கிறார்கள். ஒரு வீட்டில் மட்டும் அந்த அம்மா தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், ரேஷன் கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். படிக்கத் தெரியாதவர். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "கவர்மெண்டு குடுத்த காயிதமாச்சேப்பா, என்னைக்காச்சும் கேட்டா?" என்றார்.